பேக்கப் ஒப்பீட்டுக் குழுவின் மகத்தான வெற்றி

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொருள்களை ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒப்பிடுதல் என்கிற செயல் தன் முழு மாட்சிமையோடு நடந்தேறியது சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் பத்தொன்பதாம் மாடியில், திரு தில்லையம்பலத்தின் தலைமையில்தான். இதை மறுப்பவர்கள் அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் படிக்காதவர்கள்.

‘நீலக்கரை மனிதவளச் சேவை’க்கு அறுநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்கள். துவாஸ் விடுதியில் தங்கிக் கப்பல் பட்டறைகளில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுடைய பயிற்சிச் சான்றிதழ், அனுபவக் கடிதம், மருத்துவ அறிக்கை எல்லாம் அலுவலக சர்வரில் இருந்தன. சர்வரில் மட்டுமே இருந்தன. காகிதங்களை ஸ்கேன் செய்து மூலத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடும் ‘காகிதமில்லா அலுவலகம்’ திட்டத்தைக் கொண்டுவந்தவரே தில்லையம்பலம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாவாக வந்த தாத்தா காலம் தொட்டு, அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு கோப்பைத் தொலைத்ததாகப் பேச்சே கிடையாது. ஆவணப் பிரிவின் மேலாளராக இருக்கும் அவருக்கு வரும் மார்ச்சில் பணி ஓய்வு.

போவதற்கு முன் நிறுவனத்துக்கு கோப்புகளுக்கு மறுபிரதி எடுத்துவைக்கும் ஒரு நல்ல பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். போட்டியில் நான்கு. பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக, முதல் கூட்டத்தில் அவற்றுக்கு மல்லிகை, முல்லை, தாமரை, அரளி என்று பெயர் சூட்டினார்கள். அரளி விஷச்செடி, எனவே அது பாரபட்சம் என்று கணினிப் பிரிவின் ஆர்னால்ட் ஆட்சேபித்தார். இரண்டாம் கூட்டத்தில் அரளி செவ்வந்தியானது.

மூன்றாம் கூட்டம் வரலாற்றுச் சிறப்பு மிக்கது.

“சார், மல்லிகை நாம இப்ப யூஸ் பண்ற அதே சாஃப்ட்வேர்,” என்றார் ஆர்னால்ட். “அது மட்டும் நம்ம டேட்டாவோட தினமும் பழகிக்கிட்டு இருந்தா மத்த மூணுக்கும் அன்ஃபேர் லா.”

தில்லையம்பலம் நியாயஸ்தர். நடுநிலை கருதி, முடிவு தெரியும்வரை மல்லிகையை நிறுத்திவைக்கும்படியும், அது எடுத்துவைத்த பழைய பிரதிகளை அழித்துவிடும்படியும் உத்தரவிட்டார்.

“அதுவரைக்கும் பேக்கப் யார் சார் எடுப்பாங்க?” என்று கேட்டாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மயூரா.

“நல்ல கேள்வி மா. மினிட்ஸ்ல போட்டுக்குங்க.”

குறிப்பில் அது ‘நல்ல கேள்வி’ என்று பதிவாயிற்று.

அடுத்த எட்டு மாதங்கள் ஒப்பீடு அமோகமாக நடந்தது. ஒப்பீட்டு அட்டவணையில் நாற்பத்தேழு கட்டங்கள். திரையின் நிறம், உதவி எண்ணில் காத்திருக்கும்போது ஒலிக்கும் இசை, விற்பனையாளரின் காலந்தவறாமை, எதுவும் விடுபடவில்லை. நான்கு விற்பனையாளர்களும் தனித்தனியே லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப்போய் வாழையிலைச் சாப்பாடு போட்டபோது, நால்வரிடமும் ஒரே அளவு மட்டன் வறுவல் மட்டுமே வாங்கிக்கொண்டார் தில்லையம்பலம். அட்டவணை ஏழு இடங்களில் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது.

நிரம்பாமல் கிடந்தது ஒரே கட்டம்தான்: ‘மீட்பு’. எதையும் இழக்காமல் எதை மீட்பது? இந்தக் கேள்வி நான்கு கூட்டங்களைச் சாப்பிட்டது.

அந்தச் சமயத்தில்தான் முத்துசாமி வந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்; பன்னிரண்டு வருடமாகக் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர். மாதக் கடைசிக்குள் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பித்தாக வேண்டும். அதற்குப் பழைய பயிற்சிச் சான்றிதழ்கள் தேவை.

“வெள்ளிக்கிழமை வாங்க. இப்ப சர்வர் ஒப்பீட்டுல இருக்கு,” என்றார் தில்லையம்பலம்.

“லீவு போட்டுட்டுத்தான் சார் வந்தேன். துவாஸ்லேருந்து ஒன்றரை மணி நேரம்.”

“வெள்ளிக்கிழமையும் அவ்வளவு நேரம்தான் ஆகும்,” என்று கனிவோடு விளக்கினார் தில்லையம்பலம்.

புதன்கிழமை, சர்வர் அறையில் ஏர்கான் ஒழுகி, தண்ணீர் சர்வர்மேல் கொட்டியது. ஆர்னால்ட் முகமெல்லாம் மலர்ச்சியாக ஓடிவந்தார்.

“சார், சர்வர் போயிடுச்சு.”

தில்லையம்பலம் நாற்காலியை விட்டு எழுந்தார். “முழுசாவா?”

“முழுசா.”

எட்டு மாதத் தவம் பலித்தது; இனி ‘மீட்பு’ கட்டத்தை நிரப்பிவிடலாம். உடனே நான்கு விற்பனையாளர்களும் வரவழைக்கப்பட்டார்கள். நால்வரும் மடிக்கணினியைத் திறந்து, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “பேக்கப் எங்க இருக்கு?”

“அதை எடுக்கத்தானே உங்களை ஒப்பிடுறோம்?” என்றார் தில்லையம்பலம்.

‘மீட்பு’ கட்டத்தில் நான்கு பூக்களும் பூஜ்யம் வாங்கிச் சமநிலை அடைந்தன. நடுநிலைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை கற்றவர்கள் என்பதற்கு இந்த ஊரில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தில்லையம்பலத்துக்குத் தன்மேல் வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முத்துசாமி சொன்னபடி வந்தார். விஷயத்தைக் கேட்டார். கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“எங்க விடுதில ஒரு பழக்கம் சார். ஆபீசுக்குப் பேப்பர் கொடுக்கறதுக்கு முந்தி எல்லாரும் என் போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குவோம். ஆபீசுக்குள்ள போன பேப்பர் திரும்ப வந்து நாங்க பார்த்ததில்ல.”

“எத்தனை பேரோடது இருக்கு?”

“எல்லாரோடதும் இருக்கு சார். வாட்ஸ்அப்ல அனுப்பினதுல, ஊர்ல என் சம்சாரம் சிவகாமசுந்தரி போன்லயும் ஒரு செட்டு கிடக்கு. என் போன் தண்ணில விழுந்துட்டா என்ன செய்யறது?”

தில்லையம்பலம் அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை. இரண்டே நாளில் மயூரா அத்தனை படங்களையும் புது சர்வரில் ஏற்றி முடித்தாள்.

திங்கட்கிழமை, இயக்குநர்களுக்கு அறிக்கை எழுதக் குழு கூடியது.

“எதை வெச்சு மீட்டோம்னு எழுதணும் சார்,” என்றார் ஆர்னால்ட். “வாட்ஸ்அப் போட்டியிலேயே இல்ல. விதிப்படி பார்த்தா இது மீட்பே இல்ல. டேட்டா லீக்.”

அவர் நிறுவன விதியைத் திரையில் காட்டினார். பிறருடைய ஆவணங்களை அனுமதியின்றி வைத்திருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர் பணிநீக்கம் செய்யப்படுவார். அதைக் கண்டும் நடவடிக்கை எடுக்கத் தவறினால் ஆவண மேலாளரே பொறுப்பு. தில்லையம்பலம் இரண்டாவது வாக்கியத்தை மூன்று முறை படித்தார். மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது.

“விதின்னா விதிதான்,” என்றார்.

மயூரா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். “சார், அவர் கொடுக்கலைன்னா அவர் யாருன்னே நமக்குத் தெரியாது.”

“கரெக்ட் மா. இப்பதான் அவர் ஃபைல் பக்காவா இருக்கே. பேர்ல ஒரு எழுத்துகூடத் தப்பில்லாம லெட்டர் அடிச்சிடலாம்.”

முத்துசாமியை அழைத்து, குழுவின் முன்னிலையில் படங்களை அழிக்கச் சொன்னார்கள். சிவகாமசுந்தரியும் போனில் வந்து, எதற்கென்று புரியாமலே அழித்தாள். நாற்பது நிமிடம் பிடித்தது. குழு பொறுமையாக உட்கார்ந்திருந்தது.

“என் சர்டிபிகேட்டை மட்டுமாச்சும் வெச்சுக்கவா சார்? வேற கம்பெனில காட்டணும்.”

“அது நிறுவனத்தோட டேட்டா தம்பி,” என்றார் தில்லையம்பலம், அவர் முகத்தைப் பார்க்காமல் பணிநீக்கக் கடிதத்தை நீட்டி. வேலை போனால் வேலை அனுமதியும் போய், ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அறிக்கை நான்கு நாளில் தயாரானது. மல்லிகை, முல்லை, தாமரை, செவ்வந்தி நான்கும் சமமாக இருப்பதால், மறு ஒப்பீடு தொடங்கும். நடுநிலை கருதி, புது சர்வருக்கும் அதுவரை பேக்கப் எடுக்கப்படாது. கோப்புகள் அறுநூற்றுப் பன்னிரண்டும் மீட்கப்பட்டன. குழுவுக்கு இயக்குநர்களின் பாராட்டு.

“கடைசியில ‘இழப்பு’ன்னு ஒண்ணு கேட்குது சார்,” என்றாள் மயூரா. “என்ன போடட்டும்?”

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

“இல்லைன்னு போடுங்க மா.”

அவள் அப்படியே போட்டாள். நிறுவனத்திடம் இருந்த ஒரே பேக்கப் அந்நேரம் சாங்கி விமான நிலையத்தில், இரண்டு பைகளோடு, திருச்சி விமானத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.