பந்து பொறுக்கும் இயந்திரமும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

மாமல்லபுரத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் கல் யானையையும் கல் தேரையும் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம் பொழுது போகாமல் கடலை வெறித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற விஷயம் எழுபதுகளின் நடுவில் அரசாங்கத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. கோல்ஃப் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு துறை முடிவு செய்தது. எந்தத் துறை என்று கேட்காதீர்கள், நமக்கேன் வம்பு. சவுக்குத் தோப்பை ஒட்டி மணலிலே மைதானம் தயாராயிற்று. பந்தை அடிப்பது விருந்தாளியின் வேலை, பொறுக்குவது அரசாங்கத்தின் வேலை. ஆனால் ஓர் அரசாங்க ஊழியர் வெள்ளைக்காரன் முன்னால் குனிந்து பொறுக்கலாமோ? சுதந்திர நாட்டின் மானம் என்ன ஆவது? ஆகவே இயந்திரம் ஒன்று செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு செங்கல்பட்டுப் பட்டறையிலிருந்த பாஷ்யத்தின் தலையில் வந்து விழுந்தது.

பாஷ்யம் தற்காலிகப் பொறியாளர். தற்காலிகமாக இருந்தபடியே கல்யாணம் செய்து, மூன்று பிள்ளை பெற்று, தலையும் நரைத்துவிட்டது. மேலதிகாரி சிவப்பிரகாசம் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“இயந்திரம் ஓடிச்சுன்னா அன்னிக்கே உம்மை நிரந்தரமாக்கி உத்தரவு. ஓடலைன்னா வேடந்தாங்கல்ல போய் நாரை எண்ணும்.”

“அளவு பார்க்கப் பந்து ஒண்ணு வேணும் சார்.”

“இறக்குமதிச் சரக்குய்யா! முதல் தவணையா ஒரே ஒரு பந்து வந்து இரும்புப் பெட்டியில இருக்கு. இயந்திரம் ஓடுதுன்னு நிரூபிச்ச அப்புறம்தான் வெளியே எடுக்கலாம்.”

“பந்தைப் பார்க்காம எப்படி சார்...”

“சாமியைப் பார்த்துட்டா கோயில் கட்டினாங்க? சுமாரா எலுமிச்சம்பழம் சைஸ் இருக்கும். போம்.”

பாஷ்யம் நேரே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். பழைய பம்புசெட் இன்ஜினைப் பூட்டி, நாலு சக்கர வண்டி ஒன்று கட்டினார். சக்கரங்களில்தான் சூட்சுமம். தோசைக்கல் மாதிரித் தகடுகளை இடுக்கு விட்டு வரிசையாக அடுக்கியது ஒவ்வொரு சக்கரமும். தரையில் கிடக்கிற பழம் இடுக்கில் மாட்டி, மேலே ஏறி, பின்னாலிருக்கும் கூடையில் பொத்தென்று விழும். தோலில் ஒரு கீறல் இருக்காது. முதல் பழம் அப்படி விழுந்தபோது பாஷ்யத்துக்குக் கண்ணில் ஜலம் கட்டிக்கொண்டது. அந்த மாதம் பூராவும் பட்டறையில் எல்லாருக்கும் எலுமிச்சைச் சாதம்தான்.

திறப்பு விழாவன்று காலையில் மனைவி சௌந்தரவல்லி நாலு நல்ல பழமாகப் பொறுக்கி அவர் பையில் போட்டாள்.

“ஏன்னா, சக்கரத்துக்கு அடியிலே வெச்சு நசுக்காம வண்டியை எடுத்துடாதேள்.”

“எனக்குத் தெரியாதா? என் சைக்கிளுக்கே நசுக்கினவனாச்சே!” என்றார் பாஷ்யம்.

பட்டணத்திலிருந்து இயக்குநர் வந்தார். தேங்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்தது. பாஷ்யம் தன் கையாலேயே நாலு சக்கரத்தின் அடியிலும் பழம் வைத்தார். டிரைவர் சிங்காரம் பயபக்தியோடு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான்.

பச்சக் என்ற சத்தம் வரவில்லை. பொத், பொத், பொத், பொத். நாலு பழமும் கூடையில் சிரித்துக்கொண்டு கிடந்தன.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதிகாரிகள் முகத்தில் ஈயாடவில்லை.

“நசுங்கலையே!” என்றார் சிவப்பிரகாசம்.

“நசுங்காது சார். அதுதானே இதனோட வேலை!” பாஷ்யத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

சிங்காரம் ஒரே குதியாகக் கீழே குதித்தான். “இன்னா சார் இது பேஜாரு! பழம் நசுங்காத வண்டில நான் குந்த மாட்டேன். எனக்குப் பொண்டாட்டி புள்ள கீது.”

கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு தடவை பின்பக்கமாக ஓட்டச் சொன்னார்கள். பின்பக்கமாகவும் அருமையாகப் பொறுக்கியது. இயக்குநருக்கு வேர்த்துவிட்டது.

“மிஸ்டர் பாஷ்யம், இந்த இயந்திரத்தில் என்ன கோளாறு?”

“கோளாறே இல்லை சார்.”

“அதைத்தான் சரிசெய்யச் சொல்கிறேன். முறைப்படி ஆரம்பிக்காத இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் வேலை செய்ததாக ஆகாது.”

சிவப்பிரகாசத்துக்கு உடனே யோசனை உதித்தது. இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டால் போயிற்று! வலைக்காரச் சின்னையனிடம் பழைய கயிறு வாங்கி வந்தார்கள். பாஷ்யத்துக்கு அது பெற்ற பிள்ளையின் வாயில் துணி அடைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் இயக்குநரின் சட்டைப் பையிலிருந்து நிரந்தர உத்தரவு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரே உட்கார்ந்து, இடுக்கு இடுக்காகக் கயிற்றைத் திணித்து அடித்தார்.

சிங்காரம் ஏறினான். பச்சக்! நாலு பழமும் கூழ். அப்பாடா! இயந்திரம் செவ்வனே இயங்குவதாக அந்த இடத்திலேயே சான்று எழுதப்பட்டது. பாஷ்யத்தின் கைக்கு உத்தரவும் வந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு இறக்குமதிப் பந்தை வெள்ளித் தட்டில் கொண்டுவந்து மணலில் வைத்தார்கள். இயந்திரம் அதன்மேல் கம்பீரமாக ஏறி இறங்கியது. பந்தைக் காணோம்.

“ஐயையோ, இறக்குமதிச் சரக்கு! கணக்குக் காட்டணுமே!” என்று சிவப்பிரகாசம் மண்டியிட்டு மணலைத் தோண்டினார். அவருக்குப் பக்கத்தில் குமாஸ்தாக்கள், அவர்களுக்குப் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக இயக்குநர். சுதந்திர நாட்டின் ஒரு துறை முழுக்க நாலு காலில் நின்றது. கல் யானை பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று கேமராவைத் திறந்தது.

பாஷ்யத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “எல்லாரும் எழுந்திருங்கோ சார்! கயிற்றை உருவிட்டா அதுவே ஒரு நிமிஷத்தில் பொறுக்கிடும்!”

“உருவலாம்,” என்றார் இயக்குநர், தலையைத் தூக்காமல். “உருவின வண்டியை யார் ஓட்டுவது?”

சிங்காரம் ஏற்கெனவே தோப்புக்குள் போய்விட்டிருந்தான்.

“நானே ஓட்டறேன்!” பாஷ்யம் வேஷ்டியை மடித்துக் கட்டினார். கயிற்றை விறுவிறுவென்று உருவி எறிந்தார். ஒரு காலைத் தூக்கி வண்டியின் படியில் வைத்தார். திறந்த இடுக்குகள் அவரைப் பார்த்தன. நசுக்காத வண்டி. இன்றைக்குத்தான் நிரந்தரமாகியிருக்கிறது, பென்ஷன் வேறு உண்டு. சௌந்தரவல்லி வாசலில் காத்துக்கொண்டிருப்பாள்.

காலை மெல்லக் கீழே இறக்கினார். யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினார். எல்லாருமே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் மண்டியிட வசதியாக, மணலில் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.