சென்னீர்குப்பத்து வண்டு

இயற்பியல் வாத்தியார் ஓட்டும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு யாரும் எதையும் கேட்கக் கூடாது. நாங்கள் பதில் சொல்லிவிடுவோம்.

அன்று மாட்டிக்கொண்டவள் என் அக்கா. ஆவடியிலிருந்து மாங்காட்டுக்கு எனக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா, அம்மா, பழத்தட்டு, பூ எல்லாம் ஆட்டோவில் முன்னே போய்விட, இடம் கிடைக்காத நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில். ஹெல்மெட்டின் கண்ணாடியை நான் மேலே தூக்கி விட்டிருந்தேன். (முகத்துப் பவுடர் வியர்வையில் கரையாமல் இருக்கக் காற்று வேண்டுமே!)

"கண்ணாடிய எறக்குடா, பூச்சி கீச்சி அடிக்கப் போவுது" என்றாள் அக்கா.

நான் வகுப்பை ஆரம்பித்தேன். ஒரு வண்டு மிஞ்சிப்போனால் ஒரு கிராம். ஸ்கூட்டரும் நாமும் சேர்ந்து இருநூறு கிலோவுக்கு மேல். மோதினால் நம் வேகம் துளியும் குறையாது, சேதமெல்லாம் அந்த ஜீவனுக்குத்தான் என்று சென்னீர்குப்பம் வரை விளக்கிக்கொண்டே வந்தேன்.

சென்னீர்குப்பத்தில் வண்டு வந்தது.

என் கணக்கில் பிழையே இல்லை. ஸ்கூட்டரின் வேகம் துளியும் குறையவில்லை. ஆனால் அது மோதியது ஸ்கூட்டரில் அல்ல, என் இடது கண்ணில். கண் இருநூறு கிலோ கிடையாது என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

ஓரம் கட்டினேன். அக்கா பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். பவுடர் போனது; உறுத்தல் போகவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றேன். அதற்குள் அம்மா போன் செய்து, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றாள்.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் எதிரே நான் உட்கார்ந்தபோது, இடது கண்ணுக்கு ஆதரவாக வலது கண்ணும் போராட்டத்தில் குதித்திருந்தது. பெண், நர்மதா, காபியோடு வந்தாள். நிமிர்ந்தேன். இரண்டு கன்னங்களிலும் கண்ணீர் தாரையாக ஓடியது.

அவர் மெல்லக் குனிந்து, "மனசுல வேற யாராச்சும் கீறாங்களா தம்பி? இப்பவே சொல்லிடு, தப்பில்ல" என்றார்.

"வண்டு..." என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எந்த ஊரு பொண்ணு?"

அக்கா குறுக்கே புகுந்து நடந்ததைச் சொன்னாள். யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை. நர்மதா மட்டும் தட்டை வைத்துவிட்டு என்னை ஜன்னலோரம் வரச் சொன்னாள். "மேல பாருங்க" என்று புடவை நுனியால் இமையோரத்தைத் துடைத்து, கறுப்பாக ஒரு துண்டு இறக்கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே இவ்ளோ அழுவுறீங்களே, அது எவ்ளோ அழுதுச்சோ" என்றாள். நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். (காதலில்தான்.)

இந்த விசாரணை நடந்தபோது கூடத்தில் இல்லாதவர் அவள் அம்மா ஒருவர்தான். சமையலறை வாசலில் நின்று என் கண்ணீரைப் பார்த்தவர், தானும் கலங்கி உள்ளே போய்விட்டாராம். திரும்பி வந்தவர் கேசரியோடு முடிவையும் கொண்டுவந்தார்.

"பொண்ணப் பார்த்தவொடனே கண்ணு கலங்கிடுச்சே. இந்த மாதிரி மனசு எங்க கெடைக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று நர்மதா கண்ணைக் காட்டினாள். மாமனார் காபி டம்ளருக்குள் சிரித்தார்.

அந்தக் கதையை என் மாமியார் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் எனக்கு எப்போதும் முன்வரிசை நாற்காலி. தாலி கட்டும் நேரத்தில் பாதிப் பேர் மணமக்களைப் பார்க்க, மீதிப் பேர் என்னைப் பார்ப்பார்கள். போன மாதம் பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியது. என்னதான் இமையைக் கொட்டிப் பார்த்தும் எனக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. மாமியார் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நர்மதாவைத் தனியே கூப்பிட்டு, கவலையோடு கேட்டாராம்:

"ஏம்மா, மாப்ளைக்கும் உனக்கும் ஏதாச்சும் சண்டையா?"