சொல்லாமல் விட்ட ஓம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

பேரன்புக்குரிய அண்ணா அவர்களுக்கு, தங்கை சிவமணி எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா, இவர், பிள்ளை, நான் எல்லோரும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் கலியாணப் பெண்ணான உங்கள் மகள் தனுஷியாவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். யாரிடம் வேண்டுகிறேன் என்பதை வைத்து முதல் வரியிலேயே கடிதத்தை மடித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து "ஓம்" என்று சொல்லிப் பார்த்தது. பல மாதங்களாகப் பாவிக்காத சொல், முதலில் தொண்டையிலேயே நின்றது. பிறகு கொஞ்சம் சத்தமாக வந்தது, பிறகு நன்றாகவே வந்தது. "ஓம். ஓம் அண்ணா. ஓம்." கதவைத் திறந்தால் வெளியே அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி, கண் கலங்கி நிற்கிறா.

"முருகா, என்ர பிள்ளையைத் திருப்பித் தந்திட்டாய்!"

"அம்மா, நான் அண்ணாவுக்குப் பதில் சொல்லிப் பழகினனான்."

"ஒண்டும் சொல்லாதை. எனக்கு எல்லாம் கேட்டது."

நான் முகம் துடைத்து முடிப்பதற்குள் செய்தி கீழ்வீட்டுக்குப் போய், பொன்னம்பலம் மாமா திருநீற்றுப் பொட்டலத்தோடு லிஃப்டில் ஏறி வந்துவிட்டார். "வாழ்த்துக்கள் பிள்ளை" என்று கையைக் குலுக்கினார். நான் ஏதோ சோதனை பாஸ் பண்ணியதுபோல.

நான் ஏன் ஒரு சொல்லைக் குளியலறையில் பழக வேண்டி வந்தது என்பதைக் கேளுங்கள். நான் ஞானஸ்நானம் எடுத்த கொஞ்ச நாளில், கொட்டாஞ்சேனையில் எங்கள் சபைக்கு இந்தியாவிலிருந்து பாஸ்டர் சாந்தகுமார் வந்தார். தங்கமான மனிதர். முதல் ஞாயிறு மேடையில் நின்று, "ஆண்டவர் நல்லவரா?" என்று உற்சாகமாகக் கேட்டார். சபை முழுவதும் ஒரே குரலில் "ஓம்!" என்றது. மனிதர் பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தார், தவறான கட்டடத்துக்குள் வந்துவிட்டோமோ என்று. "என்னம்மா இது, சபைக்குள்ளயே மந்திரம் சொல்றீங்க?" எங்கள் ஊரில் 'ஆமா'வுக்கு அதுதான் சொல் என்று மூத்தவர்கள் சிரித்து விளக்கினார்கள். அவர் தலையை ஆட்டினாலும், "எதுக்கும் அந்தச் சொல்லைக் குறைச்சுக்குவோமே" என்றார். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் அதை அந்தக் கதவடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான்தான் புதிசு அல்லவா, புதுத் துடைப்பம், வீடுவரை கொண்டுவந்துவிட்டேன்.

அதன்பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஆமா" என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா "இந்திய சீரியல் பார்த்துக் கெட்டுப்போனாள்" என்றா. மீன்கடையில் "ஒவ்" என்று சிங்களத்தில் சொல்வது வசதியாக இருந்ததால் அதையே வீட்டிலும் சொன்னேன், "வீட்டுக்குள்ள என்னத்துக்கடி சிங்களம்?" என்று அதற்கும் ஏச்சு. கடைசியில் மற்றவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டு, இவரிடம் வெறும் "ம்" மட்டும் சொல்லத் தொடங்கினேன். நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று பயந்து, கேட்காமலே கடையில் இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தார். அந்த ஒரு நன்மையை நான் மறைக்க மாட்டேன்.

இப்படித் தலையாட்டிப் பழகிய நேரத்தில்தான் உங்கள் தொலைபேசி. "தங்கச்சி, நாங்கள் கலியாணத்துக்கு அங்க வரேக்க, மணமக்களுக்குச் சுத்திற ஆலாத்தித் தட்டத்தில ஒரு பக்கம் நீதானே பிடிக்கிறாய்?" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன், அண்ணா. கொழும்பில் நின்றுகொண்டு ரொறன்ரோவுக்குத் தலையாட்டினேன்! "ஹலோ? ஹலோ?" என்றீர்கள். பிறகு குரல் மாறி, "சரி, விளங்குது" என்று வைத்துவிட்டீர்கள். அண்ணியின் தங்கை உஷாந்தி என் இடத்தில் பிடிக்கப்போகிறாள் என்று மறுநாள் அம்மா சொல்லித்தான் தெரியும்.

இனிமேல்தான் வேடிக்கை. போன கிழமை சபை வாசலில் பாஸ்டர் போனில் ஓட்டோக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "ஓம், ஓம், சந்தியில நிக்கிறேன். ஓம், கறுப்புக் குடை. ஓம்!" நான் வாய் பிளந்து நிற்பதைக் கண்டு, "என்ன சிஸ்டர்?" என்றார். "ஒண்டுமில்லை பாஸ்டர்" என்று வந்துவிட்டேன். அவரைப் போய் என்ன கேட்பது? கொழும்பு ஓட்டோக்காரர்கள் அவரை மாற்றிவிட்டார்கள், அவருக்கே தெரியாது.

பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். வெள்ளவத்தையில் இறங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால், அன்றைக்கு என் வாயை அடைத்தது அந்தச் சொல் மட்டும்தானா? "பிடிக்கிறன் அண்ணா" என்று சொல்லியிருக்கலாமே. தமிழில் சம்மதம் சொல்ல ஒரு சொல்தானா இருக்கிறது? நான் பயந்தது தட்டத்துக்கு. ஐயர் மந்திரம் சொல்ல, சுவாமி படத்துக்கு முன்னால், வாழைப்பழத் துண்டில் திரி எரிய, என் கை அதைச் சுற்றினால் என் ஆண்டவருக்கு நான் பொய் சொல்கிறேனா? சுற்றாவிட்டால், பிறந்தவுடன் ஆஸ்பத்திரியிலிருந்து நான் தூக்கி வந்த பிள்ளைக்கு என்ன சொல்வேன்? "மாமி, நீங்கதானே?" என்று தனுஷியா அனுப்பிய குரல் இன்னும் என் போனில் கிடக்கிறது. கேட்கிறேன், பதில் போடவில்லை.

காலையில் கண்ணாடிக்கு "ஓம்" சொல்ல முடிந்தது, தட்டத்துக்குச் சொல்ல முடியவில்லை. ஆகவே யோசித்து ஒரு முடிவு எழுதுகிறேன். உஷாந்தியே பிடிக்கட்டும். நான் முன் வரிசையில் இருந்து பார்க்கிறேன், பந்தியில் பரிமாறுகிறேன், அழுகிற அண்ணிக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். என்மேல் மனக்குறை வைக்காதீர்கள். அப்பாவின் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

மணமக்கள் நிறைந்த ஆயுளோடும் ஓயாத சிரிப்போடும் வாழ என் ஆசீர்வாதம். அண்ணிக்கு என் அன்பு. அம்மா முருகன் பெயரால் தன் ஆசியையும் சேர்க்கச் சொல்கிறா. சேர்த்திருக்கிறேன், ஒரே தாளில் இடம் போதியது.

அன்புத் தங்கை,
சிவமணி

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டுக் கலியாணத்துக்குச் சாரிச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனேன். ஒட்டியதைக் கிழித்து இதை எழுதுகிறேன். அண்ணாவின் மகளுக்குக் கலியாணம் என்றதும், காலி வீதித் தையல்காரர் ஹபீஸ் நானா கையை அளந்துகொண்டே, "நீங்களா தட்டம் தூக்குற ஆள்? அப்ப அக்குளுக்குக் கொஞ்சம் லூசா வெக்கோணும். இல்லாட்டி தூக்கக்குள்ள கிழிஞ்சிரும்" என்றார். "ஓம் நானா" என்று வாய் சொல்லிவிட்டது. யோசிக்கவும் இல்லை, பழகவும் இல்லை. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன், மனம் வரவில்லை. அவர் லூசாக எழுதிக்கொண்டார்.

மேலே எழுதிய முடிவை அடித்துவிடுங்கள். திருநீறு பூச மாட்டேன், படத்தைக் கும்பிட மாட்டேன். அந்தப் பிள்ளைக்காக என் ஆண்டவரிடம் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டு என் பக்கத்தைப் பிடிப்பேன். மற்றப் பக்கம் உஷாந்தி பிடிக்கட்டும். பாஸ்டருக்கு இது தெரியாது, இவருக்கும் தெரியாது. அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரியவே கூடாது, பொன்னம்பலம் மாமா திரும்பவும் லிஃப்டில் ஏறிவிடுவார். கடிதம் கிடைத்ததும் திரும்ப ஒருக்கால் போன் எடுத்து அதே கேள்வியைக் கேளுங்கோ அண்ணா. இந்த முறை தலையாட்ட மாட்டேன்.