புத்தூர் வளைவுப் போர்

வாழ்க நாராயணசாமி! நெய்தோசைக்கு நாயகன், பித்தளை டபராக்களின் பேரரசன், சென்னையிலிருந்து வரும் இரண்டு சாலைகள் ஒன்றாகித் திருப்பதி நோக்கிப் புறப்படும் புத்தூர் முனையில் கரியடுப்பு அணையாமல் காத்த காவலன். அவன் வீரத்தைச் சொல்லப் புகுந்தோம். ஏழுமலைமேல் நின்றருளும் பெருமானே, எம் சொல்லில் குற்றம் நேராமல் காத்தருள்க. நடுவே சிரிப்பு வந்தால் பொறுத்தருள்க.

ஆந்திரமும் சென்னை ராஜ்யமும் எந்த ஊர் யாருக்கு என்று பேசி முடித்து, எல்லைக்கல் ஊன்றத் தொடங்கியிருந்த காலம் அது. அக்காலத்தில் நம் வீரனின் கடைக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. நகரியிலிருந்து புத்தூர் வழியே திருப்பதி போகும் பஸ்களின் அதிபதியான சிட்டிபாபு, நகரிச் சாலையில் ஊர் தொடங்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை ஒன்று கட்டி, அதில் தானும் காபி விற்கத் தலைப்பட்டான். அன்றுமுதல் அவன் பஸ்கள் நாராயணசாமியின் வாசலில் நிற்பதில்லை. சாலைப் புழுதியைத் தோசைமேல் தூவிவிட்டுப் பறந்துபோயின. இப்படியே இன்னும் சில மாதம் போனால், கடையை மூடிவிட்டுச் சோளிங்கரில் மாமனார் வீட்டில் போய்க் கிடப்பதைத் தவிர வீரனுக்கு வேறு கதியில்லை.

அவ்வேளையில் தலைநகரத்து அருள் இறங்கியது. அகில தேச யாத்திரிகர் வரவேற்புக் கழகம் என்னும் மாபெரும் அமைப்பின் அதிகாரி, கறுப்புக் கண்ணாடி அணிந்து பயணியர் பங்களாவில் எழுந்தருளி, இருவரையும் அழைத்து முழங்கினார்: "இன்றுமுதல் நீங்கள் வெறும் வியாபாரிகள் அல்ல, கழகத்தின் கூட்டாளிகள்!" கூட்டாளிகள் வரவேற்பு வளைவு தருவார்கள், மாலை தருவார்கள், காபி தருவார்கள், சிரித்த முகம் தருவார்கள். கழகம் சுவரொட்டி தரும். தந்தது. அதில் பனிமலையும் ஏரியும் பூப்படகும் இருந்தன. புத்தூர் ஏரியில் அவ்வருஷம் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அதிகாரி மேலும் மொழிந்தார்: "வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அயல்நாட்டுப் பயண ஏற்பாட்டாளர்கள் காரில் வருகிறார்கள். அவர்கள் எந்தக் கூட்டாளியின் வளைவில் இறங்குகிறார்களோ, அவரிடமே இனி எல்லாச் சுற்றுலாக் கார்களும் நிற்கும்." இரண்டு மனிதரைக் கூட்டாளிகள் என்று பெயரிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே பகைவராக்கும் வித்தை சாமானியமானதன்று. அதற்குத் தலைநகரத்துப் பயிற்சி வேண்டும்.

வெள்ளியும் விடிந்தது. நாராயணசாமி யோசித்தான். நகரிச் சாலையில் வரும் கார் சிட்டிபாபுவின் கொட்டகையை அல்லவோ முதலில் காணும்! உடனே மூங்கிலும் மாவிலையும் வாழைமரமுமாய் நின்ற தன் வளைவைப் பிடுங்கி, புகை கக்கும் அடுப்போடு மாட்டுவண்டித் தேரில் ஏற்றி, கொட்டகைக்கு முன்னால் போய் நாட்டினான். பகைவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளிப்பட்டான்.

"இன்னாபா நாராயணசாமி, உன் கடை இங்கயா கீது?"

"கடை அங்கதான் கீது. மரியாதை இங்க வந்துகினு கீது."

"அப்டியா? அப்ப என் மரியாதை இன்னும் கொஞ்சம் முன்னால போவட்டும். டேய் முனிகிருஷ்ணா, வண்டிய எட்றா!"

டிரைவர் முனிகிருஷ்ணன் பல்லுகூடத் துலக்காமல் ஓடிவந்தான். வளைவு பஸ்ஸின் கூரையேறியது. பிறகு மூண்ட போரை எப்படிச் சொல்வோம்! கரிய மேகத்தைக் கரிய மேகம் முந்துவதுபோலவும், மதயானையைக் கண்ட மதயானை பிளிறி முன்னேறுவதுபோலவும், பஸ்ஸை வண்டி முந்தி வளைவு நாட்ட, வண்டியை பஸ் முந்தி வளைவு நாட்ட, குழி தோண்டிய கடப்பாரைகள் பொறி பறக்க, பாதிப் பால் குலுங்கிச் சாலையில் சிந்த, மாலைகள் வாட, மாடுகள் நுரை தள்ள, இரு சேனைகளும் புத்தூரைப் பின்னுக்குத் தள்ளி நகரியையே எட்டிப்பிடித்தன.

நகரித் தறிக்காரர்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். கயிறும் கழியுமாய் ஆட்கள் சாலையை அளந்துகொண்டு வந்தால் அவ்வருஷம் அதற்கு ஒரே பொருள்தான். ரத்னம்மா என்னும் நெசவுக்காரி, கையில் நூல்கண்டோடு வழிமறித்தாள்.

"யோவ், கல்லு நடறவங்களா? மறுபடி மாத்திட்டீங்களா? எங்க ஊடு இப்ப எந்தப் பக்கம்?"

"அம்மா, இது காபி விசயம்" என்றான் நாராயணசாமி.

"காபிக்குக்கூட எல்லையா! அப்ப இந்தப் பக்கம் ஒரு டம்ளர், அந்தப் பக்கம் ஒரு டம்ளர் எனக்கு ஊத்து."

"வெளிநாட்டுக்காரங்களுக்கு வச்சிக்கீறேன், தாயே."

"அட, உள்நாட்டுல பொறந்தது எங்க தப்பா?"

தெரு சிரித்தது. வீரன் காது சிவக்க மாட்டை விரட்டினான்.

புதிதாய் ஊன்றிய எல்லைக்கல்லில்தான் போர் நின்றது. அதற்கப்பால் அடுத்த ராஜ்யம்; அங்கே யார் யார் கூட்டாளிகளோ! சாலையின் வலப்புறம் ஒரு வளைவு, இடப்புறம் ஒரு வளைவு. உச்சிவெயிலில் இரு வீரரும் சென்னைத் திசையைப் பார்த்தபடி நின்றார்கள். கார் வரவில்லை. விடிந்ததிலிருந்து வெறும் வயிற்றோடு குழி தோண்டிய முனிகிருஷ்ணன்தான் சாய்ந்தான். பஸ் சக்கரத்தைப் பிடித்தவன் அப்படியே சரிந்து மண்ணில் விழுந்தான்.

உவமைகளை இங்கே சற்று இறக்கி வைக்கிறோம். சிட்டிபாபு அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "டேய், கண்ணத் தொறடா" என்று கன்னத்தைத் தட்டினான். நாராயணசாமி சாலையைப் பார்த்தான். பாலைப் பார்த்தான். மிஞ்சியிருந்தது இரண்டு டம்ளருக்குத்தான் வரும். கார் எந்த நொடியும் வரலாம். அடுப்பை ஊதினான். சர்க்கரையை இரண்டு பங்காய்ப் போட்டுக் காபி ஆற்றிக்கொண்டு வந்து, கண்விழித்த முனிகிருஷ்ணன் பக்கத்தில் குந்தினான்.

"குடி நைனா. மெதுவா. அப்பறம் தோச துன்னு."

"வெள்ளக்காரனுக்கு வச்சதாச்சே" என்றான் சிட்டிபாபு.

"அவன் வரச்ச வரட்டும். இந்தா, நீயும் குடி. காலைல இருந்து கத்திக்கினே கீற."

சிட்டிபாபு குடித்தான். "எங்க கொட்டாயில போடறது காபியே இல்லபா" என்று பகைவனிடம் மெல்லச் சொன்னான்.

அப்போது புத்தூரிலிருந்து சிட்டிபாபுவின் இன்னொரு பஸ் வந்து நிற்க, கண்டக்டர் பழனி குதித்தான்.

"மொதலாளி! இங்க இன்னா பண்றீங்க? அந்த வெள்ளக்காரங்க காரு நாகலாபுரம் ரோட்டுல வந்துட்சே! நாராயணசாமி அண்ணன் கடை வாசல்லயே நின்னு ஆரன் அட்ச்சாங்க. கடை பூட்டிக்கினு கெடந்துச்சு. திருப்பதிக்குப் போய்ட்டாங்க."

சென்னையிலிருந்து வரும் இரண்டில் எந்தச் சாலை என்று அதிகாரியை இருவருமே கேட்டிருக்கவில்லை. சிட்டிபாபுவின் பஸ் நகரி வழியாகப் போகிறது. ஆகவே உலகமும் நகரி வழியாகவே வரும் என்று அவனும் நம்பினான், அவன் பகைவனும் நம்பினான். கழகமோ, கூட்டாளிகளின் ஒத்துழைப்பு ஈடிணையற்றது என்று பத்திரிகைகளுக்குச் செய்தி தந்துவிட்டு, புத்தூரில் இனிக் கார்கள் நிற்க வேண்டியதில்லை என்று முடிவுசெய்தது.

இவ்வாறாக, திசையெல்லாம் நடுங்க எழுந்து, கிராமங்கள் பலவற்றைக் கடந்து, ஒரு ராஜ்யத்தின் விளிம்பையே தொட்ட அவ்விரு பெரும் வளைவுகளும் ஒரே பஸ்ஸின் கூரையில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்திருக்க, மாட்டுவண்டி பின்னால் அசைந்து வர, வீரன் தன் பகைவனின் பக்கத்து சீட்டில் அமர்ந்து, மாலைச் சூரியன் எதிரே ஒளிரப் புத்தூர் மாநகரம் புகுந்தான்.

மறுநாளிலிருந்து பஸ் நாராயணசாமியின் கடையில் காபிக்கு நிற்கிறது.