டீசல் அங்கிள் சொன்ன ஒரே ஒரு பெட்ரோல் வண்டி

அன்றைக்கு அந்தப் பழைய கார் விற்கும் மைதானத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரி ஜெசிந்தா, டீசல் அங்கிள், அவர் மனைவி பிலோமி ஆன்ட்டி, பிறகு பெரிய தொப்பியும் அதைவிடப் பெரிய பெல்ட் பக்கிளும் போட்டிருந்த சேல்ஸ்மேன். வேறு ஒரு ஆளும் பார்க்கவில்லை. அதனால்தான் இன்று வரைக்கும் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான சுகர் லேண்டில் நான் சொல்வதை ஒருத்தரும் நம்புவதில்லை. டீசல் அங்கிள் தன் சொந்த வாயால் ஒருத்தனைப் பெட்ரோல் வண்டி வாங்கச் சொன்னார். அந்த ஒருத்தன் நான்தான்.

அவரைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை என்பது அவர் கணக்கு. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு வகை. இனிமேல் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இன்னொரு வகை. தூத்துக்குடியிலிருந்து வந்து, ஹூஸ்டனில் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞானஸ்நானப் பெயர் என்ன என்று ஆன்ட்டிக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

பின்பக்கம் நீண்ட அவருடைய சாம்பல் நிற ஸ்டேஷன் வேகன் காருக்கு அப்போதே இருபது வயது தாண்டியிருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் தமிழ்ப் பூசை உண்டு. அங்கிள் தாமதமாகத்தான் வருவார். வண்டி பார்க்கிங்கில் நுழைந்ததுமே ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்திக்கொள்வார். இன்ஜின் அணைந்து, கடைசியாக ஒரு இருமல் இருமி, எல்லாம் அடங்கின பிறகுதான் "பிரியமானவர்களே" என்று மறுபடி ஆரம்பிப்பார். கைக்குழந்தைகள்கூட அதுவரைக்கும் அழாமல் காத்திருக்கும்.

என்னை முதல் தடவை பார்த்தபோது அவர் ஊர் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன மைலு ஓட்டுத?"

"என்கிட்ட கார் இல்ல அங்கிள்."

"அப்பம் டீசல் வாங்கு."

என்ன பதில் சொன்னாலும் இதுதான். தினமும் எழுபது மைல் போகிற சாஃப்ட்வேர் பையனுக்கும் டீசல். வீட்டுக்கு எதிரிலேயே கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டருக்கும் டீசல். கார் ஓட்டவே தெரியாத ஒரு ஆன்ட்டி பாவம், வாய் தவறி மகளுக்குக் கார் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் கையில் இடியாப்பத் தட்டோடு நின்றுகொண்டே டீசல் பாடம் கேட்டார். எல்லாரும் "கண்டிப்பா அங்கிள், டீசல்தான் அங்கிள்" என்பார்கள். அடுத்த வாரமே பளபளவென்று ஒரு பெட்ரோல் காரில் வந்து, அவர் கண்ணில் படாத மூலையில் பார்க் பண்ணுவார்கள்.

ஒரு பையன் எலெக்ட்ரிக் கார் வாங்கி, ஆசையாக வீட்டுக்குக் கூப்பிட்டான். அங்கிள் டிரைவ்வேயைத் தாண்டி உள்ளேயே போகவில்லை. காரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: "சத்தமே இல்லாம வந்து நிக்கி. என்னமோ தப்புப் பண்ணிட்டு வந்தவன் மாதிரி."

ஒரு முறை ஆன்ட்டியையும் ஏற்றிக்கொண்டு, போக வர ஐந்நூறு மைல் ஆகிற டல்லாஸுக்குப் போய் ஒரே டாங்க்கில் திரும்பி வந்தார். அதை நிரூபிப்பதற்காக வழியில் ஒரு பங்க்கில்கூட நிறுத்தவில்லை. பாத்ரூமுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பயணத்துக்குப் பிறகு பிலோமி ஆன்ட்டி தனக்கென்று ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கிக்கொண்டார். "ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு மதம்" என்று அங்கிள் அதைப் பற்றிச் சொல்வார். அந்தக் காரில் ஏற நேர்ந்தால் பின் சீட்டில்தான் உட்காருவார், டாக்ஸியில் போகிறவர் மாதிரி.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கவலைப்படுவதுதான் எனக்கு முழு நேர வேலை. சமையலெல்லாம் மிச்ச நேரத்தில். ஜெசிந்தா நர்ஸ். அவள் வேலையால்தான் நாங்கள் டெக்ஸாஸுக்கு வந்தோம். நான் ஒரு தமிழ் மெஸ்ஸில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். படித்தவர் யாராவது ஒன்று சொன்னால் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வது என் சுபாவம். நாம்தான் படிக்கவில்லையே, படித்தவர் சொல்வதையாவது கேட்போம் என்று.

ஒரு நாள் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் பிரியாணி அண்டா கொண்டு போக வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே கார் ஜெசிந்தாவுடையது, அது அவளோடு ஆஸ்பத்திரியில் நின்றது. அங்கிள் தன் வேகனைக் கொடுத்தார். பெற்ற பிள்ளையைக் கொடுப்பது மாதிரி கொடுத்தார்.

"டீசல் மட்டும் போடணும். என்ன போடணும்?"

"டீசல், அங்கிள்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். வழியெல்லாம் ஜெபம் மாதிரி "டீசல், டீசல்" என்று சொல்லிக்கொண்டே போனேன். பங்க்கில் இறங்கினேன். பச்சைப் பிடி ஒன்று, கறுப்புப் பிடி ஒன்று. கை தானாகக் கறுப்பை எடுத்துவிட்டது. காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் மூன்று வருஷம் தூத்துக்குடியில் பெட்ரோல் பங்க்கில்தான் வேலை பார்த்தேன். எங்கள் பங்க்கில் பச்சைப் பிடி பெட்ரோல், கறுப்புப் பிடி டீசல். இங்கே நேர் எதிர். மண்டை மறந்தாலும் கை மறக்கவில்லை. வாயால் "டீசல், டீசல்" என்று சொல்லிக்கொண்டே எட்டு கேலன் பெட்ரோல் ஊற்றினேன்.

மூடியை மாட்டும்போது விரலில் ஒரு சொட்டுப் பட்டது. மோந்து பார்த்தேன். மூன்று வருஷம் அந்த வாசனையோடு சோறு தின்றவன் அல்லவா? பெட்ரோலேதான். ஃபோன் போட்டேன்.

"அங்கிள், நான் செத்தேன்."

"சாவியத் திருப்பினியா?"

"இல்ல அங்கிள். மோந்து பாத்துட்டு அப்படியே நிக்கேன்."

"சாவிய வெளிய எடு. வண்டிய விட்டுத் தள்ளி நில்லு. எதையும் தொடாத. மூச்சு விடாத."

பதினைந்து நிமிஷத்தில் ஆன்ட்டியின் பெட்ரோல் காரில், பின் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. வேகனை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிரியாணி அண்டாவை ஆன்ட்டியும் நானும் விருந்து வீட்டில் இறக்கிவிட்டு வந்தோம். டாங்க்கை வடித்துக் கழுவி முடிக்கும் வரை அங்கிள் மெக்கானிக் கடை பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்காருவது மாதிரி. மெக்கானிக் வெளியே வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டின பிறகுதான் எழுந்தார். இழுத்துப் போனது, வடித்தது, கழுவினது எல்லாம் சேர்த்து முன்னூற்று எண்பத்தைந்து டாலர். அவரே கட்டினார். நான் பர்ஸை எடுத்ததும், "பொறவு பாப்போம்" என்றார். பிலோமி ஆன்ட்டி மட்டும் என் காதில், "கவலப்படாத தம்பி. எனக்கு ஜுரம் வந்தப்பகூட இவ்வளவு ஜெபம் சொல்லல" என்றார்.

அடுத்த மாதமே எனக்கு ஒரு வழி திறந்தது. மெஸ் முதலாளி கூப்பிட்டு, பக்கத்து ஆபீஸ்களுக்கும் கிளினிக்குகளுக்கும் தினம் அறுபது மதியச் சாப்பாடு போக வேண்டும், சொந்த வண்டி இருந்தால் அந்த வேலை முழுக்க உனக்கு, லாபத்தில் பாதி என்றார். திங்கட்கிழமைக்குள் வண்டியோடு வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கள் கையிருப்பு சரியாக ஆறாயிரம் டாலர். ஜெசிந்தா நைட் ஷிஃப்ட் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அது ஓட்டை வண்டியில் போனால் வேலையும் போச்சு, பணமும் போச்சு, அவளுடைய இரண்டு வருஷத் தூக்கமும் போச்சு. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அங்கிளிடம் போய் நின்றேன்.

சனிக்கிழமை காலை மைதானத்துக்கு வந்தார். கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு வெள்ளைக் கைக்குட்டை. இவைதான் அவருடைய ஆயுதங்கள். அங்கே எங்கள் காசுக்குள் இரண்டு வண்டிகள்தான் இருந்தன. ஒன்று நீல நிற டீசல் வேகன், ஐயாயிரத்து ஐந்நூறு. இன்னொன்று பிஸ்கட் நிறத்தில் ஒரு பழைய பெட்ரோல் மினிவேன், ஆறாயிரம். முன்னால் எந்தக் குடும்பமோ பின் சீட்டெல்லாம் ஜூஸ் கொட்டியிருந்தது. மினிவேனை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட வந்திருப்பது யார்?

அங்கிள் முதலில் நீல வேகனின் பானெட்டில் கையை வைத்தார். "சில்லுன்னு இருக்கு. நமக்காக முன்கூட்டியே சூடு பண்ணி வைக்கல. நேர்மையானவன்." ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒரே திருப்பில் பிடித்தது. புகைக்குழாயில் கைக்குட்டையைப் பிடித்தார். வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. பிறகு டம்ளரை இன்ஜின் மேல் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்தார்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். கண்ணை மூடிவிட்டார். தொப்பிக்காரர் மெதுவாக ஜெசிந்தாவிடம், "இஸ் ஹி ஓகே?" என்றார்.

"அவர் பூசை கேக்கார்" என்று ஆன்ட்டி தமிழிலேயே பதில் சொன்னார்.

அங்கிள் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது. "ஏல அந்தோணி, இந்த மாதிரி சத்தம் கேட்டு எத்தன வருஷமாச்சு!"

நான் பணக் கவரை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், ஆனால் வழக்கமான குரலில் இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தன மைலு ஓட்டுவ?"

"போக வர பதினோரு மைலு அங்கிள்."

"எத்தன எடத்துல நிப்பாட்டுவ?"

"பதினாலு."

"ஃப்ரீவே?"

"இல்ல அங்கிள். எல்லாம் பக்கத்துத் தெருதான்."

அவர் பானெட்டை மெதுவாக இறக்கினார். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்பது போல. பிறகு நடந்துபோய் பிஸ்கட் நிற மினிவேன் பக்கத்தில் நின்றார்.

"இத வாங்கு."

பிலோமி ஆன்ட்டி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார்.

நான் பணக் கவரைக் கீழே இறக்கினேன். "அங்கிள், நான் அன்னிக்கு பெட்ரோல் ஊத்துனதுக்காகவா?"

"அதுக்காகன்னா உன்ன சைக்கிள் வாங்கச் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். இந்தக் காலத்து டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. ஃப்ரீவேயில் அரை மணி நேரம் நன்றாக ஓடினால்தான் அது சூடேறி, பிடித்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் பண்ணிக்கொள்ளும். "நீ ஒரு மைலு போவ, நிப்பாட்டுவ, சாம்பார் குடுப்ப. அது சூடே ஏறாது. ஆறு மாசத்துல அடைச்சிரும். அத மாத்த ஆகுற செலவுல உன் பாதி வண்டி போயிரும். இங்க கேலனுக்கு டீசல் விலையும் கூட. நெறைய ஓட்டுதவனுக்குத்தான் அது கட்டுப்படியாகும்."

"பல் டாக்டரையும் டீசல் வாங்கச் சொன்னீகளே? அவரு கிளினிக் வீட்டுக்கு எதிர்லதான இருக்கு?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

அங்கிள் டம்ளரைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அவனுவ நான் சொன்னாக் கேக்கவா போறானுவ? இவன் கேப்பான்ம்மா. அதான் பயமா இருக்கு."

பிறகு அவர் மினிவேனுக்கும் அதே சோதனைகளைச் செய்தார், கைக்குட்டையை மட்டும் செத்த எலியைப் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு. டம்ளரில் காது வைத்துவிட்டு, "தையல் மிஷின்" என்றார். "ஆனா நல்ல தையல் மிஷின்." இழுக்கும் கதவை ஏழு தடவை திறந்து மூடினார். அறுபது சாப்பாட்டுக்கு இடம் போதுமா என்று பார்க்க, பின்னால் ஏறிக் காலை நீட்டிப் படுத்தே பார்த்துவிட்டார். தொப்பிக்காரர் ஆறாயிரம் என்று மறுபடி சொன்னார். அங்கிள் படுத்தபடியே ஒன்றும் பேசாமல் மேல் கூரையைப் பார்த்தார். தொப்பிக்காரர் இருநூறு குறைத்தார். அங்கிள் கண்ணை மூடினார். இன்னொரு நூறு குறைந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் ஃபாதர் பார்க்கிங்குக்கு வந்து, ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மினிவேனை மந்திரித்தார். பெட்ரோல் வண்டிக்குத் தன்னால் ஆமென் சொல்ல முடியாது என்று அங்கிள் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆனால் தீர்த்தப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். நான்கு டயரும் நனைந்ததா என்று குனிந்து பார்த்ததும் அவர்தான்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அறுபது சாப்பாடு நூற்று நாற்பது ஆகியிருக்கிறது. தையல் மிஷின் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. ஜெசிந்தா இப்போது பகல் ஷிஃப்ட்தான் பார்க்கிறாள். நான் கவலைப்படுவதை விடவில்லை. ஆனால் வண்டியைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

அன்று பெட்ரோல் ஊற்றியதற்கான பணத்தைக் கவரில் போட்டு மினிவேனிலேயே வைத்திருக்கிறேன். எத்தனை தடவை நீட்டினாலும் அங்கிள் வாங்க மாட்டேன் என்கிறார். "நீ ஒரு டீசல் வண்டி எடுக்குத அன்னிக்குக் குடு. நானே தேடித் தாரேன்" என்று டம்ளரைக் காட்டுகிறார். போன வாரம் ஹூஸ்டன் டவுன்டவுனிலிருந்து ஒரு ஆபீஸ் விசாரித்தது. தினமும் ஐம்பது சாப்பாடு வேண்டுமாம். போக வர ஐம்பது மைலுக்குக் குறையாது, முக்கால்வாசி ஃப்ரீவே. வேலை கிடைக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். தூரமான வேலையாகக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். டீசல் வாங்கப் போகிறேன் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கத்தான்.

அது வரைக்கும் டீசல் அங்கிளுக்கு நான் தர வேண்டிய பாக்கி, முன்னூற்று எண்பத்தைந்து டாலர்.