பத்தடி ராக்கெட் குறித்து ஒரு மறுப்பு

உலர் ஏரி முகாம்,
கலிபோர்னியா.
23 ஜூன் 1985, ஞாயிறு.

நம் ஊர் ரோசன்பெல்ட் வார இதழின் ஆசிரியர் திருமதி பிலோமினா டிரைலிங் அம்மையார் அவர்களுக்கு, தானியக் கிடங்கில் லாரி எடை போடும் அல்போன்ஸ் வாசிங்கரின் இளைய மகள் லோர்னா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் முழங்கால் நலமா, அச்சு இயந்திரம் நலமா, தங்கள் பூனை ஈரத் தாளின் மேல் படுப்பதை விட்டுவிட்டதா என்று அறிய ஆவல். என் சந்தா போன வருடமே முடிந்துவிட்டது. ஆனாலும் இதழ் வாராவாரம் வந்து சேர்கிறது. அதற்கு நன்றி சொல்ல இத்தனை நாள் கூச்சமாக இருந்தது.

நிற்க. மார்ச் ஆறாம் தேதி இதழில், மூன்றாம் பக்கத்தில், மாதா கோயில் கோழி விருந்து அறிவிப்புக்குக் கீழே, நான் கலிபோர்னியாவில் விண்வெளி ஆராய்ச்சியில் இருப்பதாகவும், ராக்கெட்டுகளின் பாதையைக் கணக்கிடுவதாகவும், என் சம்மதமில்லாமல் ஒரு ராக்கெட்டும் கிளம்பாது என்றும் செய்தி வந்தது. இதில் கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. மற்றதற்கு ஒரு மறுப்பு வெளியிடும்படி கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

நான் வேலை பார்ப்பது ஒரு சினிமாவில். வெள்ளிக் கிரகத்துக்காரர்கள் பூமியைப் பிடிக்க வருகிறார்கள், ஒரு சிற்றூரின் சலவைக் கடை வாசலில் இறங்குகிறார்கள், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் சலவை இயந்திரங்களைப் பார்த்து இவைதான் பூமியின் அரசர்கள் என்று மண்டியிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கேலி செய்து எடுப்பதால் எல்லாம் தப்பாக இருக்க வேண்டும். பறக்கும் தட்டின் கயிறு தெரிய வேண்டும், நிலவுக்கு முன்னால் நட்சத்திரம் மின்ன வேண்டும், கார் எவ்வளவு தூரம் ஓடினாலும் ஜன்னலில் அதே கள்ளிச் செடி வர வேண்டும். கல்லூரி முடித்து இங்கே வந்து பதினோரு ஆராய்ச்சிக் கூடங்களில் நேர்முகத்துக்குப் போய், பதினோரு இடத்திலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு மருந்துக் கடையில் விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த என்னை, இயக்குநர் ஹெர்ஷல் வேலைக்கு எடுத்தது இதற்காகத்தான். "தப்பு பண்ண எவன் வேணா வருவான். பண்ணின தப்பையே நாலு நாள் கழிச்சு அதே இடத்துல பண்றதுக்குப் படிச்சவங்க வேணும்" என்றார். அன்றிலிருந்து இங்கே எல்லாருக்கும் என் பெயர் காலேஜ். ஒரு குறிப்பேடு கொடுத்திருக்கிறார்கள். எந்தக் காட்சியில் எந்தத் தப்பு எங்கே இருந்தது, யார் எந்தக் காட்சிக்கு எந்தத் தேதி வரை வர வேண்டும் என்றெல்லாம் நான் எழுதி வைக்க வேண்டும். படத்துக்காகச் செய்த பொம்மை ராக்கெட்கூட நான் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கிளம்பும்.

இது லேசான வேலை என்று தாங்கள் நினைக்கக் கூடாது. முதல் வாரம் விஞ்ஞானி பேசும் காட்சிக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பாதி நாள் படம் பிடித்த பிறகு ஹெர்ஷல் அருகில் வந்தார். "காலேஜ், இதுல எழுதியிருக்கிறது சரியா?" "சரிதாங்க." "ஏன்?" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். பிறகு பறக்கும் தட்டைக் கட்டி இழுக்கும் ஆர்வில் என்ற பெரியவரிடம், கயிற்றுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். "இங்க பாரும்மா, முப்பத்தோரு வருஷமா கயிறு தெரியாம தட்டைப் பறக்க விடறேன், அதை வச்சுத்தான் என் பொழைப்பே ஓடுது. எவனாவது என் கயித்தைப் பார்த்திருக்கானா?" என்றார். "இல்லீங்க." "இப்ப மட்டும் எதுக்குத் தெரியணும்?" "ஜனங்க சிரிக்கிறதுக்குங்க." "என்னைப் பார்த்தா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். ஒப்புக்கொண்டு வெள்ளை அடித்தார்தான், ஆனால் கை பழக்கம் விடாமல் சாயங்காலம் அவரே மை பூசி மறைத்துவிடுகிறார், காலையில் நான் போய்ச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்க்கிறேன், இதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. போன வாரம் வெள்ளிக் கிரக அரசராக நடிப்பவருக்கு முதுகில் ஜிப் மாட்டிக்கொண்டு பச்சை ரப்பர் உடையைக் கழற்ற முடியவில்லை, நூற்றுப் பத்து டிகிரி வெயில், மனிதர் தாங்க முடியாமல் ஊருக்குள் ஓடி நிஜமான சலவைக் கடையில் மின்விசிறிக்குக் கீழே நின்றிருக்கிறார். அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பச்சையைத் தனியாப் போடுங்க, சாயம் போகும்" என்றாராம்.

இதையெல்லாம் அப்பாவிடம் நான் மறைக்கவில்லை, அம்மையாரே. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவர் போன் செய்தபோது என்ன வேலை என்று கேட்டார். விண்வெளி சம்பந்தப்பட்டது என்றேன். அது பொய் இல்லை. "ராக்கெட் உண்டா கண்ணு?" "உண்டுப்பா." "எவ்வளவு உசரம்?" "பத்தடி." "முதல்ல சின்னதாத்தான் பண்ணிப் பார்ப்பாங்க. நெருப்பு வருமா?" "வரும்ப்பா, சனிக்கிழமை சனிக்கிழமை." அந்தப் பக்கம் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா, சனிக்கிழமைகூட வேலை வாங்குறாங்களாம்" என்றார். மறுநாளே தங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. செய்தி வந்த பிறகு நான் பதறிப்போய், "அப்பா, அது சினிமாப்பா" என்று தெளிவாகவே சொன்னேன். "எது?" "ராக்கெட்." "ஓ, படம் வேற எடுக்கிறாங்களா? எடுக்கட்டும், ஜனங்களும் பார்க்கணுமில்ல" என்றார். இன்னும் இரண்டு முறை சொன்னேன். கடைசியில், "பேப்பர்ல அப்படிப் போடலையே" என்றார். தங்களுக்கே தெரியும், அச்சில் வராத எதையும் அப்பா நம்ப மாட்டார். போன வருடம் நம் ஊர் வங்கி மூடியதைக்கூடத் தங்கள் இதழில் பார்த்த பிறகுதான் வேறு வங்கிக்குப் போனார்.

அறுவடை முடிந்ததும், ஜூலை ஐந்தாம் தேதி, என்னைப் பார்க்க அவர் வண்டியெடுத்துக் கிளம்பப்போகிறார். புதுச் சட்டை வாங்கியாகிவிட்டது. அம்மா முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த பீரோக் ரொட்டி மூன்று டஜன் சுட்டுத் தரப்போகிறாள். அவள் கோழிகளை விட்டுவிட்டு வர மாட்டாள். அப்பா என் தலைமை விஞ்ஞானியின் கையைக் குலுக்கி நன்றி சொல்ல வேண்டுமாம். நான் ஊரைவிட்டு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலில் வேலை இல்லாமல் வர வெட்கமாக இருந்தது. பிறகு இந்த வேலையோடு வர வெட்கமாக இருந்தது. வந்தால் கோயில் வாசலில் நிறுத்தி ராக்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள்.

இங்கே தினமும் படப்பிடிப்பு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்வார். யாரும் பேசாதபோது அந்த இடம் எப்படி இருக்கிறதோ அந்தச் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வார், பின்னால் படத்தில் ஒட்டுப்போட உதவுமாம். பச்சை மனிதர்கள், ஓடிப்போகும் கூட்டம், கயிற்றோடு ஆர்வில், எல்லாரும் நின்ற இடத்தில் நிற்போம். காற்று மட்டும் வீசும். நம் ஊர்க் காற்று மாதிரியே தொடங்கும், ஆனால் இதில் கோதுமை வாசனை கிடையாது. கிடங்கு வாசலில் அப்பா எடைத் தராசு முள் நிற்பதற்காகக் காத்திருப்பார் இல்லையா, மூச்சுகூட விடாமல். எனக்கு அதுதான் ஞாபகம் வரும். நாள் முழுவதும் சமாளித்துவிடுகிறேன், அந்த ஒரு நிமிடம்தான் முடிவதில்லை.

ஆகவே, ஜூலை மூன்றாம் தேதி இதழில், அவர் கிளம்புவதற்கு முன் படிக்கும்படி, பின்வருமாறு வெளியிட வேண்டுகிறேன்: "லோர்னா வாசிங்கர் விண்வெளி ஆராய்ச்சியில் இல்லை. ஒரு வேடிக்கைப் படத்தில் தப்புகளைச் சரிபார்க்கிறார். முன்பு வந்த செய்தியில் அவர் தந்தையின் குற்றம் எதுவும் இல்லை." இதைப் படித்தால் அப்பா புதுச் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிடுவார், வர மாட்டார். தெரிந்துதான் கேட்கிறேன். இத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்து, வாசலில் நின்று, எல்லாருக்கும் முன்னால் அவர் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் பூனைக்கும் ஆண்டவர் நல்ல உடல்நலமும், ரோசன்பெல்டின் வயல்களுக்குத் தக்க காலத்தில் மழையும் அருள்வாராக.

தங்கள் கீழ்ப்படிந்த வாசகி,
லோர்னா வாசிங்கர்

பின்குறிப்பு, செவ்வாய் மாலை: மேற்கண்ட எதையும் வெளியிட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பெய்த ஆலங்கட்டி மழையைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. கோதுமை போய்விட்டதால் தராசுக்கு வேலையில்லாமல் அப்பா சனிக்கிழமையே கிளம்பிவிட்டார். அம்மா போன் செய்து சொன்னதை நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மாள் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நேற்று நான் வேலை முடிந்து அறைக்கு வந்தபோது அப்பா கட்டில் ஓரத்தில், தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் இந்தக் கடிதம். "நம்ம பேப்பர் பேரு இருந்துச்சு. ஊர் சேதியா இருக்கும்னு படிச்சிட்டேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு வருஷம்னு போட்டிருக்கே. இன்னியோட மூணு வருஷம் பதினோரு நாள். எடை போடறவன் மகள் இப்படி எழுதலாமா?" என்றார். பிறகு, "பீரோக் ஆறிப்போச்சு, சூடு பண்ணு. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இன்று கூட்டிக்கொண்டு போனேன். புதுச் சட்டை. ஹெர்ஷலின் கையைக் குலுக்கினார். அவர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அப்பா இரண்டாம் முறையும் கையைக் குலுக்கினார். ஊர்மக்கள் பறக்கும் தட்டைக் கண்டு அலறி ஓடும் காட்சி. ஆள் குறைந்ததால் அப்பாவையும் நிறுத்தினார்கள். எல்லாரும் ஓடினார்கள், அப்பா ஓடவில்லை. "ஓடணும் பெரியவரே" என்றார் ஹெர்ஷல். "எதுக்கு?" "வெள்ளிக் கிரகத்துல இருந்து வந்திருக்காங்க." "அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்களைப் பார்த்து ஓடினா நல்லாவா இருக்கும்?" மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்பா நின்றார், தொப்பியை எடுத்து வெள்ளிக் கிரக அரசருக்கு வணக்கம் சொன்னார். ஆர்வில் முதல் முறையாகச் சிரித்தார், கயிறு ஆடியது. ஹெர்ஷல் அதையே வைத்துக்கொண்டார்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டதே என்று அப்பா விடவில்லை. "அனுப்பு, பிலோமினாம்மா சிரிச்சுட்டுப் போகட்டும். பேப்பர்ல மட்டும் வேண்டாம், உங்கம்மாவுக்கு நான் நேர்ல சொல்லிக்கிறேன்" என்றார்.

காட்சியில் ஒருமுறை நின்றுவிட்டவர், அந்தக் காட்சி முடியும்வரை அதே தொப்பியோடு அதே இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் இங்கே முறை. உண்மையில் சனிக்கிழமை வரை அப்பா இருந்தால் போதும். குறிப்பேட்டில் ஜூலை பத்தாம் தேதி வரை தேவை என்று எழுதியிருக்கிறேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இங்கே தேதிகளைச் சரிபார்ப்பவள் நான் ஒருத்திதான்.