மஞ்சள் மட்டும் வேண்டாம்

டீச்சர் கத்தினால் கண்ணாடிக்காரருக்குப் பயமில்லை. கத்தல் கோடை மழை மாதிரி, கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சிவப்பு மைப் பேனாவோடு பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தாள் என்றால்தான் அவருக்குப் பயம். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் "சரி"க்குப் பிறகு அவருக்குச் சாதகமாக எதுவும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

இத்தனைக்கும் ஊரார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டுவதுதான் அவர் தொழில். பலகையின் கடைசி வரிசைப் பொடி எழுத்தைக்கூடத் தூரத்திலிருந்து படித்துவிடுவார். மனைவி முகத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதை மட்டும் படிக்கத் தெரியாது.

அவரிடம் ஒரு கார் இருந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. கூரையைக் கழற்றலாம், கழற்றினால் திரும்ப மாட்ட இரண்டு ஆள் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியபோது நல்ல சிவப்பு. வெயில் தின்றது போக இப்போது முன்பக்கம் பல் ஈறு நிறத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றுவார். அதில் உட்கார்ந்தால் மனிதர் ஆளே வேறு. வாய்விட்டுப் பாடுவார். குறுக்கே வந்தவனை "யோவ்!" என்பார். வீட்டு வாசலில் இறங்கியதும் பழையபடி "கூப்பிட்டியாம்மா?" ஆகிவிடுவார். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் அவர் மீதி வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட காருக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. கூடம் முழுக்க டியூஷன் பிள்ளைகள். இவர் சமையலறையில் நின்றபடி, பிரிட்ஜின் தலையில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் உள்ளே வந்தாள்.

"டியூஷன கராஜுக்கு மாத்தப் போறேன். கார வித்துடலாம்."

"முடியாது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "அதுக்கென்னம்மா" என்று வந்தது.

"ஆனா ஒண்ணு. விக்கற வரைக்கும் பெயிண்ட்ல கை வைக்கக் கூடாது."

"நான் எதுக்கு வைக்கப் போறேன்?"

"பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கம்பெனி பெயிண்ட்தான் மதிப்பு. புதுசா அடிச்சா, அடியில எதையோ மறைக்கறான்னு வாங்கறவன் நினைப்பான். விலை பாதியா விழுந்துடும்."

"அப்படியா?"

"கலர மாத்திட்டா சுத்தம். அதுலயும் மஞ்சள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்."

"சரிம்மா."

"சரி" என்றாள் டீச்சர். கையிலிருந்த பொம்மைக் கடை மஞ்சள் பையிலிருந்து பரீட்சைத் தாள்களை உருவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

கண்ணாடிக்காரர் பையைப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு வெளிச்சத்தைத்தான். ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான்! ஒருத்தனும் வாங்காவிட்டால் கார் எங்கே போகும்? கராஜிலேயே கிடக்கும். சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை அவருடையது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்.

கடைக்குப் பின்தெருவில் ஒரு பெயிண்டர் இருந்தான். அவருக்குத் தெரிந்த ஒரே பெயிண்டர்.

"ஏம்பா, பழைய காருக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சா விலை ஏறுமா, இறங்குமா?"

"வண்டியப் பொறுத்தது சார். கம்பெனி பெயிண்ட் நல்லா இருந்தா தொடவே கூடாது. உங்களுது மாதிரி வெளுத்துப் போயிருந்தா, அதே சிவப்ப ஒழுங்கா அடிச்சா ஏறும்."

"ஐயோ, ஏறக் கூடாதுய்யா!"

பெயிண்டர் மூக்குத் துணியை இறக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இறங்கணும்னா வேற கலர் அடிக்கணும் சார்."

"மஞ்சள்?"

"மஞ்சளா?" பெயிண்டர் ஏனோ சிரித்தான். "நல்லா இறங்கும் சார். உங்க நேரம், ஒரு மஞ்சள் கலந்து ரெடியாவே இருக்கு. ஒருத்தங்க சொல்லிட்டுப் போனாங்க. வண்டிதான் இன்னும் வரல."

"அத எனக்கே அடிச்சுடு."

"வீட்ல அம்மாகிட்ட கேட்டாச்சா?"

கண்ணாடிக்காரர் திரும்பி வாசலைப் பார்த்தார். யாருமில்லை. "கேக்கறதுக்கு என்ன இருக்கு? வண்டி என்னுது!" என்று மிக மெல்லிய குரலில் முழங்கினார்.

வீட்டில் "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்று ஒரு பொய். அன்று பிடித்தது பயம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு வீட்டிலேயே பயம். குக்கர் விசில் அடித்தால் எழுந்து நின்றார். போன் அடித்தால் வியர்த்தார். போதாக்குறைக்கு, வேலை எப்படி நடக்கிறது என்று தினமும் பெயிண்டர் பின்னால் போய் நின்றதில் காதோரம் கொஞ்சம் தெறித்துவிட்டது.

"காதுல என்னங்க மஞ்சளா?"

"காதா? எந்தக் காது?"

"உங்களுக்கு எத்தனை காது?"

"அது... கடையில புதுசா பிரேம் வந்திருக்கு. மஞ்சள் பிரேம். போட்டுப் பாத்தேன். சாயம் போகுது."

"சாயம் போற பிரேமையா ஊருக்கு விக்கறீங்க?"

"சேச்சே! திருப்பி அனுப்பிட்டேன்."

"சரி."

அவ்வளவுதான். தெரிந்துவிட்டதா? தெரிந்தால் கேட்டிருப்பாளே? கேட்காததால் தெரிந்துவிட்டதோ? காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை "இந்தாம்மா..." என்று ஆரம்பித்தேவிட்டார். டீச்சர் சிவப்புப் பேனாவோடு நிமிர்ந்தாள். "பேனாவுல மை இருக்கான்னு கேட்டேன்" என்றார்.

கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கராஜுக்குத் திரும்பிய அன்றே டீச்சர் சொன்னாள்: "நாளைக்குக் கார் பாக்க ஒருத்தர் வர்றார்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வருகிறவன் ஓட வேண்டுமென்றால் தார்ப்பாயை எடுக்க வேண்டும். தார்ப்பாயை எடுத்தால் டீச்சரும் பார்ப்பாள். இவ்வளவு பெரிய திட்டத்தில் இந்த ஒரு இடத்தை அவர் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை எழுந்ததும் வாசல் கேட்டைத் திறந்து வைத்தார். செருப்பைத் தெருப் பக்கமாகத் திருப்பிப் போட்டு வைத்தார்.

வந்தவர் பருத்த மனிதர், கையில் ஒரு பை. டீச்சர் கராஜ் வாசலில் கை கட்டி நின்றாள்.

"எடுங்க."

"காத்து பலமா இருக்கும்மா. தூசி..."

"எடுங்கன்னேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தார். தார்ப்பாய் சரிந்தது. கண்ணாடிக்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டு இடி விழக் காத்திருந்தார். விழுந்தது கைதட்டல்.

"மேடம்! நான் கேட்ட அதே மஞ்சள்!"

ஒற்றைக் கண்ணைத் திறந்தார். வந்தவர் தன் கையிலிருந்த பொம்மைக் கடைப் பையைக் காரின் மேல் வைத்துக் காட்டினார். பை எது, கார் எது என்று தெரியவில்லை.

"சிவப்பு எனக்கு ஆகாது சார். எங்க கடை கலர்ல இருக்கணும். பெயிண்ட் செலவுக்குத்தான் யோசிச்சேன். மேடம்தான், 'கலர் பெயிண்டர்கிட்ட நான் சொல்லிடறேன், மீதிய எங்க வீட்டுக்காரர் பாத்துப்பார்'னாங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். காதோரம் தெறிக்கத் தெறிக்கப் பக்கத்தில் நின்று வைத்துக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயைத் திறக்க முடியவில்லை. கடைசியில் கெஞ்சலாக ஒன்றுதான் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமையாவது இதக் கொஞ்சம் ஓட்டுவீங்களா சார்? நல்லா ஓடும்."

"ஓட எதுக்கு சார்? கடை நடுவுல நிக்கப் போகுது. ஸ்டியரிங் பின்னால ஒரு பெரிய கரடி பொம்மைய உக்கார வைக்கப் போறோம்."

தன் இருக்கையில் கரடி! சாவியைக் கொடுக்கும்போது கண்ணாடிக்காரருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. மஞ்சள் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க" என்றாள் டீச்சர். "நான் மஞ்சள் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

சொன்னாள்தான்.

"நான் வேண்டாம்னு சொன்னத ஒண்ணையாவது நீங்க செய்யாம இருந்திருக்கீங்களா?"

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். போகிற போக்கில் திரும்பினாள்.

"இன்னொண்ணு. காலியாத்தானே இருக்குன்னு கராஜ்ல உங்க கண்ணாடிப் பெட்டிய அடுக்கற வேலையெல்லாம் வேணாம். தரை பூரா ஆயில், மேல ஒட்டடை. எல்லாம் நான் வந்து கழுவிக்கறேன். நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது."

"சரிம்மா."

"சரி."

கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. காரும் போய், கராஜும் போவதா? அவள் வருவதற்குள் ஒரு மூலையையாவது பிடித்துவிட வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒட்டடை அடித்தார். ஆயில் கறையைச் சோப்புப் போட்டுச் சுரண்டினார். மூலை பளிச்சென்று ஆனதும் மற்ற இடம் அசிங்கமாகத் தெரிந்தது, அதையும் கழுவினார். கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் துடைத்து, துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் பெஞ்சுகள் ஏற்றிய வண்டி நின்றது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தரையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்.

"பெஞ்ச மட்டும் நீங்க தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

கண்ணாடிக்காரர் அதற்குள் ஒரு முனையைத் தூக்கியிருந்தார்.